சார்லஸ் லாம்

சார்லஸ் லாம் (பெப்ரவரி 10, 1775 – டிசம்பர் 27, 1834) இங்கிலாந்தைச் சேர்ந்த கட்டுரையாளர், கவிஞர், இலக்கியத் திறனாய்வாளர் ஆவார். எலியா என்னும் புனைபெயரில் எழுதிய கட்டுரைகளாலும், தம் தமக்கை மேரி லாமுடன் இணைந்து சிறுவர்களுக்காக எழுதிய சேக்சுபியர் கதைகளாலும் பெரிதும் அறியப்படுகிறார். இவருடைய கட்டுரைகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் ஆங்கிலப் பாடத்திட்டத்தில் நெடுங்காலம் இடம்பெற்றவை. ஆயினும் எழுத்து இவருடைய தொழில் அன்று. பதினேழாம் வயதில் கிழக்கிந்தியக் கம்பனியின் இலண்டன் தலைமையகத்தில் கணக்கு அலுவலக எழுத்தராகச் சேர்ந்து, 33 ஆண்டுகள் அங்கேயே பேரேடு எழுதி ஓய்வு பெற்றவர் இவர். கவிஞராக வாழ விரும்பிய ஒருவர் கணக்கராக வாழ நேர்ந்ததைச் சோகமாகக் கூறுவது வழக்கம். இவருடைய வாழ்க்கையின் வரவு செலவை நெருங்கிப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கூற்று பாதி உண்மையாகவே தோன்றும்.

பிறப்பும் கல்வியும்

இலண்டனில் வழக்கறிஞர்கள் வாழ்ந்து தொழில் புரிந்த இன்னர் டெம்பிள் வளாகத்தில், கிரவுன் ஆபீஸ் ரோ என்னும் வீட்டு வரிசையில் லாம் பிறந்தார். தந்தை ஜான் லாம், சாமுவேல் சால்ட் என்னும் மூத்த வழக்கறிஞரிடம் எழுத்தராகவும் பணியாளராகவும் இருந்தவர். தாய் எலிசபெத். குழந்தைகளுள் மூவரே பிழைத்தனர்: மூத்தவர் ஜான், அடுத்து 1764 இல் பிறந்த மேரி, கடைசியாக சார்லஸ். பத்து வயது மூத்த மேரியே தம்பியைப் பெரும்பாலும் வளர்த்தார். சால்ட்டின் நூலகம் குடும்பத்துக்குத் திறந்திருந்தது. அக்காவும் தம்பியும் படித்தது அங்கேதான்.

1782 இல், ஏழைப் பிள்ளைகளுக்கான கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற உறைவிடப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பெயரில் ஹாஸ்பிட்டல் என்று இருந்தாலும் அது மருத்துவமனை அன்று. அங்கேதான் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜின் நட்பு கிடைத்தது. அது இருவரும் இறந்த 1834 ஆம் ஆண்டு வரை நீடித்தது. பள்ளியின் தலைசிறந்த மாணவர்கள் கிரேசியன் என அழைக்கப்பட்டு, பல்கலைக்கழகம் சென்று சமயகுருமாராவது மரபு. லாமுக்குத் திக்குவாய். பிரசங்க மேடை ஏற முடியாதவருக்குப் பல்கலைக்கழக வழியும் அடைபட்டது. கல்வியில் குறைவில்லாதிருந்தும் அவர் கிரேசியனுக்கு ஒரு படி கீழே நின்று, 1789 இல் பதினான்கு வயதில் பள்ளியை விட்டார். கோல்ரிட்ஜ் கேம்பிரிட்ஜ் சென்றார். லாம் ஜோசப் பைஸ் என்ற வணிகரின் கணக்கறைக்குச் சென்றார்.

தென்கடல் கம்பனியில் 23 வாரங்கள்

1791 செப்டம்பரில் லாம் தென்கடல் கம்பனியின் அலுவலகத்தில் வாரம் அரை கினி ஊதியத்தில் அமர்ந்தார். அண்ணன் ஜான் அங்கு முன்பே பணியில் இருந்தார். சாமுவேல் சால்ட்டும் அக்கம்பனியின் நிருவாகத்தில் இருந்தவர் என்பதால் வேலை கிடைத்ததற்கு அவருடைய பரிந்துரையும் காரணமாக இருக்கலாம். 1720 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பங்குச் சரிவுக்குப் பிறகு அது வணிகம் குன்றிப்போன நிறுவனம். பெரிய கூடங்கள், தூசு படிந்த பேரேடுகள், வேலை குறைந்த முதிய எழுத்தர்கள் என்ற நிலையில் இருந்தது. 1792 பெப்ரவரி வரை 23 வாரங்கள் பணியாற்றியதற்கு லாம் பெற்ற மொத்தத் தொகை 12 பவுன் 1 சில்லிங் 6 பென்சு.

இந்த ஐந்து மாதங்கள் தொழில் வாழ்க்கையில் ஒரு சிறு துணுக்கே. ஆனால் எழுத்தாளர் என்ற முறையில் அவருக்கு இதைவிட இலாபமான காலம் வேறில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து எழுதிய முதல் எலியா கட்டுரைக்கு அந்த அலுவலகமே பொருளாயிற்று. கணக்காளர் ஜான் டிப் என்பவரை அதில் மிகுந்த அன்போடும் சிறு கேலியோடும் சித்தரிக்கிறார். உலகில் கணக்காளரே மேலானவர், கணக்காளருள் தாமே மேலானவர் என்று நம்பியவர் டிப். ஆண்டு இறுதிக் கணக்கு முடிப்பதற்கு முந்தைய ஒரு மாதம் முழுவதும் அவருக்கு இரவும் பகலும் அதே சிந்தனை. கம்பனியில் கொடுக்கல் வாங்கல் அற்றுப்போன பின்பும் அவருடைய அக்கறை குறையவில்லை. அலுவலகம் முடிந்ததும் அதே மனிதர் வீட்டில் பிடில் வாசித்து நண்பர்களைக் கூட்டி இசைவிருந்து நடத்துவார். கணக்கரின் ஒழுங்கையும் அவருக்குள் இருக்கும் மற்றொரு மனிதரையும் ஒரே பக்கத்தில் காட்டியது அன்றைய ஆங்கில உரைநடையில் புதுமை எனலாம்.

கிழக்கிந்தியக் கம்பனியில் சேர்தல்

ஏப்ரல் 5, 1792 அன்று லாம் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்திய மாளிகையில் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தார். புதிய எழுத்தர்கள் நேர்மைக்கு உறுதியாக 500 பவுனுக்குப் பிணைப்பத்திரம் எழுதித் தரவேண்டும். அதற்குப் பிணையாளர்களும் வேண்டும். லாமுக்குப் பிணை நின்றவர்களுள் ஒருவர் அண்ணன் ஜான். முதல் மூன்று ஆண்டுகள் தகுதிகாண் காலம். அதற்கு முறையான சம்பளம் கிடையாது. கம்பனி விரும்பித் தரும் சிறு வெகுமதி மட்டுமே உண்டு. 1795 இல் ஆண்டுச் சம்பளம் 40 பவுனாகவும், அடுத்த ஆண்டு 70 பவுனாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அதன் பிறகு பணிமூப்பின்படி உயர்வு வரும். மேலே இருப்பவர் இறந்தாலோ விலகினாலோ கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார். திறமையாலோ ஊக்கத்தாலோ அந்த வரிசையைத் தாண்டுவது அரிது.

கம்பனி ஆசியாவிலிருந்து கொண்டுவந்த தேயிலை, அவுரி, மருந்துச் சரக்கு, வங்கத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்யப்பட்ட துணி ஆகியவை இலண்டன் பண்டகசாலைகளில் அடுக்கப்பட்டு, கிழக்கிந்திய மாளிகையின் விற்பனைக் கூடத்தில் ஏலம் விடப்பட்டன. யார் எந்த எண்ணுள்ள பொதியை என்ன விலைக்கு எடுத்தார், எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு, முன்பணம் வந்ததா, மீதி எப்போது வரும் என்ற விவரங்கள் அனைத்தும் பேரேடுகளில் ஏறவேண்டும். பண்டகசாலைக் காப்பாளர்களின் கணக்குகளைச் சரிபார்ப்பதும் லாமின் வேலையாக இருந்தது. பெரிய ஏலக் காலங்களில் மாலையிலும் பணி தொடர்ந்தது. கூட்டல் எந்திரம் இல்லாத அக்காலத்தில் நீண்ட பத்திகளை மனத்தால் கூட்டி, பவுன், சில்லிங், பென்சு என மூன்று அலகுகளில் மாற்றி எழுதவேண்டும் என்பதையும் இங்கு நினைவில் கொள்ளவேண்டும். ஒரு பென்சு பிழைத்தாலும் தேடிப் பிடிக்கும் வரை ஏடு மூடாது.

எழுத்தர்கள் சிலர் சிலராகத் தடுப்புக்குள் அமர்ந்திருந்தனர். இந்தியத் தொடர்பால் அத்தடுப்புகளுக்குக் காம்பவுண்டு என்றே பெயர். காம்பவுண்டு என்றால் பல எளிய பொருள்களின் கலவை என்று மருந்துக் கடைப் பொருளில் லாம் அதற்கு விளக்கம் தந்ததாகக் கூறுவர். எளிய பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அப்பாவியையும் குறிக்கும் என்பதே இதிலுள்ள சிலேடை.

1796 செப்டம்பர்

லாம் 1795 இறுதியில் ஒரு மனச்சிதைவுக்கு உள்ளாகி ஹாக்ஸ்டனில் இருந்த மனநலக் காப்பகத்தில் ஆறு வாரங்கள் இருந்தார். அவருக்கு அது மறுபடி வரவில்லை. குடும்பத்தின் நோய் தமக்கையிடம் கடுமையாகத் தோன்றியது.

அப்போது குடும்பம் ஹோல்பர்னில் லிட்டில் குயீன் தெருவில் வாடகை வீட்டில் இருந்தது. சால்ட் இறந்து இன்னர் டெம்பிள் வீடு கைவிட்டுப் போயிருந்தது. தந்தை மூப்பால் நினைவு மங்கியவர். தாய் நடமாட இயலாதவர். மேரி பகலில் தையல் வேலை செய்து பொருளீட்டி, இரவில் தாயைக் கவனித்தார். செப்டம்பர் 22, 1796 அன்று பித்து முற்றிய நிலையில் மேரி உணவு மேசையிலிருந்த கத்தியால் தாயைக் குத்திக் கொன்றார். தந்தைக்கும் காயம் ஏற்பட்டது. லாம் வந்து தமக்கையின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினார். மரண விசாரணையில் மேரி மனநோயால் இதைச் செய்தார் எனத் தீர்ப்பாயிற்று. அவர் இஸ்லிங்டனில் இருந்த தனியார் காப்பகம் ஒன்றில் வைக்கப்பட்டார்.

அண்ணன் ஜான் மேரியைப் பொது மனநல விடுதியில் விட்டுவிடலாம் என்ற கருத்துக் கொண்டிருந்தார். அது நாளுக்கு நாள் செலவில்லாத வழி. அன்றைய நிலையில் திரும்பி வர வாய்ப்புக் குறைந்த வழியும்கூட. லாமுக்கு அப்போது 21 வயது. சம்பளம் 70 பவுன். அவர் செய்தது ஒரு கணக்கருக்கே உரிய செயல். நிகழ்ச்சி நடந்து இரண்டு வாரங்களுக்குள் கோல்ரிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில் குடும்ப வரவு செலவை வரிசைப்படுத்தினார். தம் சம்பளத்தோடு வீட்டுக்கு வரும் மற்றத் தொகைகளையும் கூட்டினால் ஆண்டுக்கு 170 அல்லது 180 பவுன் தேறும். அதில் 50 அல்லது 60 பவுனை மேரிக்கு ஒதுக்கலாம். எஞ்சியதில் தந்தையும் தாமும் வாழ்ந்துவிடலாம். ஆகவே மேரி பொது விடுதிக்குப் போகவேண்டியதில்லை. இக்கடிதத்தில் துயரமும் தொகையும் அடுத்தடுத்து நிற்கின்றன. லாமின் எழுத்துகளுள் பலரும் முதலில் நாடுவது எலியா கட்டுரைகளையே. இந்தக் கணக்கு அவற்றுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

அதே மாதங்களில் தம் கவிதை ஏடுகளையும் பழைய காதல் நினைவுகளைக் குறித்த நாட்குறிப்பையும் எரித்துவிட்டதாக நண்பருக்குத் தெரிவித்தார். 1797 இல் மேரி காப்பகத்திலிருந்து வெளிவந்து ஹாக்னியில் தனி அறையில் தங்கவைக்கப்பட்டார். 1799 ஏப்ரலில் தந்தை இறந்ததும், தமக்கையின் பொறுப்பை வாழ்நாள் முழுவதும் ஏற்பதாக உறுதியளித்திருந்த லாம் அவரைத் தம்முடன் அழைத்துக்கொண்டார். நோய் ஏறக்குறைய ஆண்டுதோறும் திரும்பியது. அறிகுறி தெரிந்தவுடன் இருவரும் கைகோத்து, கட்டுடையையும் எடுத்துக்கொண்டு, அழுதபடி வயல்வழியே காப்பகத்துக்கு நடந்து செல்வதை நண்பர் சார்லஸ் லாயிட் கண்டிருக்கிறார். விவரம் அறிந்த அயலாரின் பேச்சால் வீடு மாறவேண்டிய நிலையும் வந்தது. இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு காலாண்டும் தவறாமல் வந்தது கம்பனிச் சம்பளம் ஒன்றே.

அலுவலக வாழ்க்கை

லாம் சிறந்த கணக்கராக இருந்தாரா என்பதில் அவரே நல்ல சாட்சி அல்லர். தாம் கணக்குக்குத் தகுதியற்றவர் என்றும், பொய்ப் பதிவும் கூட்டல் பிழையும் கனவில் வந்து விழிக்க வைப்பதாகவும் எழுதினார். காலையில் தாமதமாக வருவதாக மேலதிகாரி கண்டித்தபோது, அதை ஈடுசெய்யத் தாம் மாலையில் சீக்கிரம் புறப்பட்டுவிடுவதாக அவர் சொன்னதாக ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, கதை இவருக்குப் பொருந்துகிறது. மறுபக்கத்தில் பதிவுகள் காட்டுவது வேறு: 33 ஆண்டு இடையறாத பணி, 70 பவுனிலிருந்து 730 பவுன் வரை உயர்ந்த சம்பளம், முடிவில் தாராளமான ஓய்வூதியம். ஏமாற்றுப் பேர்வழிக்கு எந்த நிறுவனமும் இவற்றைத் தருவதில்லை.

அலுவலகத்தில் தம் இயல்பை அவர் மறைத்ததாகவும் தெரியவில்லை. கம்பனித் தாளில் நண்பர்களுக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். இன்று போற்றப்படும் அவருடைய கடிதங்கள் பல மேசையில் பேரேட்டின் அருகே எழுதப்பட்டவை. அலுவலகத்தில் பயன்பட்ட வட்டி அட்டவணை நூல் ஒன்றில், அது ஓர் இலக்கியம் என்பதுபோல் பத்திரிகை மதிப்புரைகளைத் தாமே புனைந்து எழுதிவைத்தார். வட்டிக்கும் ஆர்வத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் அந்த நகைச்சுவை வாய்த்தது. 1812 இல் கம்பனி ஊழியராக இருந்துகொண்டே, ஆட்சிப் பொறுப்பில் இருந்த இளவரசரைத் திமிங்கலமாகக் கேலி செய்யும் பாடலை லீ ஹண்ட் குடும்பத்தாரின் எக்சாமினர் இதழில் பெயரின்றி வெளியிட்டார்.

நல்ல எழுத்தர் எப்படி இருக்கவேண்டும் என்ற பொருளில் அதே காலத்தில் ரிஃப்ளெக்டர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பரவலாக வாசிக்கப்படாத கட்டுரை இது. இவருடைய தொழில் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள முதன்மையானது. முதற்பகுதி தூய உடை, அளவான உணவு, தெளிந்த கையெழுத்து என்று எழுத்தரின் நற்பண்புகளை மெல்லிய புன்னகையோடு அடுக்குகிறது. பிறகு டேனியல் டீஃபோ வணிகர்களுக்காக எழுதிய பழைய வழிகாட்டி நூலை எடுத்துக்கொள்கிறது. வாடிக்கையாளர் எவ்வளவு இழிவுபடுத்தினாலும் வணிகன் சினமோ உணர்ச்சியோ காட்டக்கூடாது என்பது அந்நூலின் போதனை. மனிதன் தன்னையே துடைத்தெறிந்து தொழிலுக்குக் கருவியாகும்படி கற்பிக்கும் இந்த நெறியை லாம் கடுமையாகத் தாக்குகிறார். தூய கையெழுத்தும் சரியான கூட்டலும் நிறுவனத்துக்கு உரியவை, மனம் அதற்கு உரியதன்று என்ற எல்லைக்கோட்டை அவர் இதில் வரைந்தார் என்று கொள்ளலாம்.

பின்னாளில் தத்துவ அறிஞர் ஜேம்ஸ் மில், நாவலாசிரியர் தாமஸ் லவ் பீகாக் ஆகியோர் 1819 இலும், ஜான் ஸ்டூவர்ட் மில் 1823 இலும் அதே மாளிகையில் வேறொரு துறையில் சேர்ந்தனர். அவர்கள் இந்திய ஆட்சி பற்றிய கடிதங்களை வரைந்தவர்கள். கொள்கையில் கை வைத்தவர்கள். லாம் வணிகக் கணக்கோடு நின்றுவிட்டார். சென்னை, வங்கம் என்ற பெயர்கள் நாள்தோறும் கண்ணில் பட்டிருந்தும், அந்தத் துணியை நெய்தவர்களையும் அவுரி பயிரிட்டவர்களையும் பற்றி அவர் கட்டுரைகளில் எதுவும் இல்லை எனலாம். இலண்டன் தெருப் பிச்சைக்காரரையும் புகைபோக்கி துடைக்கும் சிறுவரையும் அவ்வளவு பரிவோடு பார்த்த கண்ணுக்கு இது ஒரு குறை.

எழுத்துப் பணி

1796 இல் கோல்ரிட்ஜின் முதல் கவிதைத் தொகுதியில் லாமின் சில பதினான்கடிப் பாக்கள் இடம்பெற்றன. அடுத்து வந்த கதையும் நாடகமும் பெரிதாக எடுபடவில்லை. வருமானம் போதாத ஆண்டுகளில் செய்தித்தாளுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதினார். துணுக்கு ஒன்றுக்கு ஆறு பென்சு. அலுவலகம் செல்லும் முன் விடியலில் எழுந்து நாளொன்றுக்கு ஆறு துணுக்குகள் எழுதவேண்டியிருந்ததை, கணக்கு வேலையைவிடக் கொடிய அடிமைத்தனமாகப் பின்னர் நினைவுகூர்ந்தார்.

டிசம்பர் 10, 1806 அன்று டுரூரி லேன் அரங்கில் இவருடைய கேலி நாடகம் ஒன்று மேடையேறியது. பார்வையாளர் எள்ளி ஒலி எழுப்பியபோது லாமும் சேர்ந்து ஒலியெழுப்பினார் என்பது புகழ்பெற்ற செய்தி. மறுநாள் அவர் வழக்கம்போல் மேசைக்குச் செல்ல முடிந்தது. எழுத்தையே நம்பியிருந்த வேறொருவருக்கு அந்த இரவு பெரும் இழப்பாகியிருக்கும்.

1807 இல் வில்லியம் காட்வினின் சிறுவர் நூல் பதிப்பகம் சேக்சுபியர் கதைகளை வெளியிட்டது. இருபது கதைகளுள் பதினான்கு மேரி எழுதியவை. துன்பியல் கதைகள் ஆறு மட்டுமே சார்லஸ் எழுதியவை. ஆனால் தலைப்புப் பக்கத்தில் சார்லஸின் பெயர் மட்டுமே இருந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளுக்குச் சென்ற இந்நூலின் பெரும்பகுதி மேரியின் உழைப்பு என்பது குறிப்பிடத்தக்கது. 1808 இல் வெளியான பழைய ஆங்கில நாடக ஆசிரியர்களின் தொகுப்பு, மறக்கப்பட்டிருந்த சேக்சுபியர் கால நாடகங்களை மீண்டும் வாசிக்கச் செய்தது.

1820 ஆகஸ்டில் இலண்டன் மேகசின் இதழில் தென்கடல் கம்பனி பற்றிய கட்டுரை எலியா என்ற பெயரில் வெளிவந்தது. எலியா என்பவர் அந்த அலுவலகத்தில் லாமுடன் பணியாற்றிய இத்தாலிய எழுத்தர். பெயரை எடுத்துக்கொண்டதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று லாம் தேடிச் சென்றபோது அவர் இறந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. இவ்வாறு ஒரு கணக்கு எழுத்தரின் பெயர் ஆங்கில இலக்கியத்தில் நிலைத்தது. தொடர்ந்து வந்த கட்டுரைகள் 1823 இல் நூலாயின. இரண்டாம் தொகுதி 1833 இல் வந்தது. விடுமுறையில் ஆக்ஸ்போர்டுக்குச் செல்வது பற்றிய கட்டுரையில், பகலெல்லாம் எண்களில் உழன்ற இறகுப்பேனா மாலையில் விடுதலை பெற்றுத் துள்ளுகிறது என்னும் பொருள்பட எழுதுகிறார். நாள் முழுவதும் எழுதியது தம்முடையதல்ல என்பதால் மாலையில் எழுதுவது முழுவதும் தம்முடையதாக இருக்கமுடிந்தது. எவருக்காகவும் விரைந்து எழுதவேண்டியிராததால்தான் ஆறு பென்சு துணுக்குகளில் இல்லாத நிதானம் இக்கட்டுரைகளில் இருக்கிறது.

இக்கருத்தை அவர் பிறருக்கும் அறிவுரையாகச் சொன்னார். உட்பிரிட்ஜ் ஊரில் வங்கி எழுத்தராக இருந்த பெர்னார்ட் பார்ட்டன் என்ற கவிஞர் வேலையை விட்டு எழுத்தை நம்பி வாழ எண்ணியபோது, 1823 ஜனவரியில் லாம் அவரைத் தடுத்து எழுதினார். பதிப்பாளர்களின் தயவில் வாழ்வதைவிட எந்தத் துன்பமும் மேல், வங்கி மேசையைப் பற்றிக்கொள்ளுங்கள் என்பதே கடிதத்தின் சாரம். வேலையைத் தாம் பழித்ததெல்லாம் காதலர்களின் ஊடல் போன்றது என்றும் அதில் விளக்கினார். பார்ட்டன் இறுதிவரை வங்கியிலேயே இருந்தார்.

1819 இல் நடிகை ஃபேனி கெல்லியை மணக்க விரும்பிக் கடிதம் எழுதினார். அவர் அன்போடு மறுத்துவிட்டார். லாம் இறுதிவரை மணம் புரியவில்லை. 1823 அளவில் எம்மா ஐசோலா என்ற பெற்றோரற்ற பெண்ணை அக்காவும் தம்பியும் தத்தெடுத்தனர்.

ஓய்வு

கம்பனியில் முன்பு இருந்த திருநாள் விடுமுறைகள் காலப்போக்கில் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. ஐம்பதை நெருங்கிய லாமின் உடல்நலமும் குன்றியது. மதுப் பழக்கமும் அதற்குத் துணைநின்றது. 1825 தொடக்கத்தில் இரு மருத்துவர்களின் சான்றிதழ்களோடு ஓய்வு கேட்டு விண்ணப்பித்து, வாரக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தார். மார்ச் 29, 1825 அன்று இயக்குநர்கள் இசைந்தனர். ஆண்டுக்கு 450 பவுன் ஓய்வூதியம் வழங்கப்பட்டது. தாம் முன்னே இறந்தால் மேரிக்கு உதவித்தொகை தொடர்வதற்காக அதில் ஆண்டுதோறும் 9 பவுன் கழித்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. கையில் வந்தது 441 பவுன். இருபத்தொரு வயதில் எழுதிய வரவு செலவுத் திட்டத்தில் இருந்த அதே தலைப்பு ஐம்பது வயதுக் கணக்கிலும் தொடர்ந்தது.

சில வாரங்களில் இது பற்றி எழுதிய கட்டுரையில் லாம் விவரங்களை மாற்றிவிட்டார். கம்பனியை மின்சிங் லேனில் உள்ள ஒரு தனியார் வணிக நிறுவனமாக்கினார். 33 ஆண்டுகளை 36 ஆக்கினார். விண்ணப்பித்துப் பெற்ற ஓய்வை, முதலாளிகள் எதிர்பாராமல் அழைத்துக் கொடுத்ததாக எழுதினார். ஆயினும் விடுதலை கிடைத்த முதல் நாள்களில் மகிழ்ச்சியைவிடத் திகைப்பே மிகுந்ததாக அதில் சொல்வது உண்மை என்பதைக் கடிதங்கள் காட்டுகின்றன. முடிவில்லாத நேரத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய மேசைக்குச் சென்று பார்த்தார். தாம் தொப்பி மாட்டிய ஆணியில் வேறொருவரின் தொப்பி தொங்கியது அவரை உறுத்தியது.

1826 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருந்த பழைய நாடகச் சேகரிப்பைப் படிக்கச் சென்றார். பத்து மணிக்குச் சென்று நான்கு மணிக்குத் திரும்புவார். அலுவலக நேரமும் அதுவே என்றும், அது தமக்கு நன்மை செய்வதாகவும் பார்ட்டனுக்கு எழுதினார். 1827 இல் எழுதிய மிகச் சுருக்கமான தன்வரலாற்றுக் குறிப்பில், தம் உண்மையான படைப்புகள் லெடன்ஹால் தெரு அலமாரிகளில் நூறு பெரும் ஏடுகளாக இருப்பதாகக் கேலியாகக் கூறினார்.

இறுதிக் காலம்

மேரியின் நோய்க்காலங்கள் நீண்டுகொண்டே போயின. 1827 இல் இருவரும் என்ஃபீல்டுக்கும், 1833 இல் மனநோயாளிகளைக் கவனித்துவந்த குடும்பம் ஒன்றின் வீட்டுக்கு எட்மண்டனுக்கும் சென்றனர். மேரியைப் பிரிந்து பழைய நண்பர்கள் இருந்த இலண்டனில் தனியே தங்குவதற்கு லாமின் ஓய்வூதியம் போதும். அவர் அதைச் செய்யவில்லை. 1833 இல் எம்மா, பதிப்பாளர் எட்வர்ட் மாக்சனை மணந்து சென்றார். 1834 ஜூலையில் கோல்ரிட்ஜ் இறந்தார். அதே டிசம்பரில் லாம் நடந்து செல்கையில் தடுக்கி விழுந்து முகத்தில் சிராய்ப்பு ஏற்பட்டது. அக்காயத்தில் தோல் அழற்சி கண்டு, டிசம்பர் 27 அன்று எட்மண்டனில் காலமானார். ஊர் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மேரி மேலும் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, மே 20, 1847 அன்று இறந்தார். தம்பியின் கல்லறையிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார். கிழக்கிந்திய மாளிகை 1861 இல் இடிக்கப்படத் தொடங்கியது. அந்த இடத்தில் 1986 இல் லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தையின் கட்டடம் திறக்கப்பட்டது.